லாட்ஜ் டிவியில் ஸ்டிக் சொருகி அம்மாவுக்கு சீரியல் காட்ட வேண்டும், வழி சொல்லுங்கள்

ஊர்க்குருவி:

வணக்கம். வேலூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது. மொத்தம் 25 சிட்டிங், வாரத்துக்கு 5 நாள். ஆக 5 வாரம் இங்கேதான். காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருக்கிறோம். சிட்டிங் கால் மணி நேரம், காத்திருப்பதையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். மீதிப் பொழுது முழுக்க அறைக்குள்தான். ஊரில் என்றால் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிற எல்லோரிடமும் பேசுவார். இங்கே பக்கத்து அறைகளில் இருப்பவர்கள் வங்காளம், அசாம், திரிபுராவிலிருந்து வந்தவர்கள். நல்ல மனிதர்கள், பார்த்தால் சிரிக்கிறார்கள், ஆனால் பேச மொழி இல்லை. லாட்ஜ் கேபிளிலும் வங்காளச் சேனலும் இந்திச் சேனலும்தான் நிறைய. தமிழில் வருகிற நாலைந்தில் அம்மா பார்க்கும் சேனல் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தபோது வீட்டு ஃபயர் டிவி ஸ்டிக்கை, டிவியில் சொருகி இணையத்தில் படம் பார்க்கிற அந்த அமேசான் கருவியை, கொடுத்துவிட்டுப் போனான். மூன்று நாளாக அதோடு போராடுகிறேன்.

முதல் சிக்கல், டிவி சுவரோடு ஒட்டி இருக்கிறது. ஸ்டிக் பின்னால் நுழையவில்லை. பக்கவாட்டில் இன்னொரு எச்டிஎம்ஐ துளை இருந்ததால் எப்படியோ சொருகிவிட்டேன். ஆனால் அறையில் கொடுத்திருப்பது செட்டாப் பாக்ஸ் ரிமோட். அதில் சோர்ஸ் பட்டனே இல்லை. மேலே சேனல், கீழே சேனல், சத்தம், அவ்வளவுதான்.

இரண்டாவது வைஃபை. போனில் இணைத்தால் ஒரு பக்கம் திறந்து அறை எண்ணும் மொபைல் நம்பரும் கேட்கும், ஓடிபி போட்டால் வேலை செய்யும். ஒரு அறைக்கு இரண்டு கருவிகள்தான். என் போன், அம்மா போன் இரண்டுக்கும் போய்விட்டது. ஸ்டிக்குக்கு இடம் இல்லை. அப்படியே இடம் கிடைத்தாலும் அதில் ஓடிபி எங்கே அடிப்பது?

டிவியில் படம் வருகிறதா என்று பார்க்க, தெரிந்த ஒருவர் வீட்டுக்கு ஸ்டிக்கை எடுத்துப்போய் என் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினேன். நன்றாக ஓடியது. ஒன்றரை மணி நேரத்தில் அன்றைய 2 ஜிபி தீர்ந்து, அதற்கப்புறம் சுற்றிக்கொண்டே நின்றது. இன்னும் 17 சிட்டிங் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

சூட்கேஸ் வாழ்க்கை:

சகோதரி, அம்மா சீக்கிரம் நலமாகட்டும். நான் நூற்பாலை மெஷின்களுக்கு சர்வீஸ் பார்க்கிறவன். திண்டுக்கல், ராஜபாளையம், குண்டூர், நாக்பூர் என்று மாதத்தில் பாதி நாள் லாட்ஜில்தான் படுக்கை. ஸ்டிக் என் பையில் பிரஷ், பேஸ்ட் மாதிரி எப்போதும் இருக்கும். அதனால் அனுபவத்தில் சொல்கிறேன்.

ரிமோட்டில் சோர்ஸ் இல்லாவிட்டால் பயப்படாதீர்கள். டிவியின் அடி விளிம்பில் நடுவில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், அல்லது பின்பக்கம் கீழ் மூலையில். ஒரு சின்னக் குமிழ் தட்டுப்படும். சில டிவியில் அதை அழுத்தினாலே மெனு வரும், சிலவற்றில் நாலு பக்கமும் அசைக்க வேண்டும். அதிலிருந்து எச்டிஎம்ஐ 2 போய்விடலாம். அதுவும் பூட்டியிருந்தால் ஹோட்டல் மோடு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விருந்தினர் எதையாவது மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள் என்று அப்படி வைப்பார்கள். ரிசப்ஷனில் போய் "டிவியோட சொந்த ரிமோட் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல திருப்பித் தரேன்" என்று கேளுங்கள். அநேகமாக எல்லா லாட்ஜிலும் ஒரு டிராயரில் போட்டு வைத்திருப்பார்கள். செட்டாப் பாக்ஸ் வயரை மட்டும் கழற்றாதீர்கள், அதற்குத்தான் அவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

கரண்ட் விஷயம் முக்கியம். டிவியில் இருக்கும் யுஎஸ்பி துளையில் ஸ்டிக்கின் வயரைச் சொருகினால் எரியும், ஆனால் பாதி டிவியில் அந்தத் துளை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியர் வேண்டும். நடுவில் நடுவில் அணைந்து அணைந்து வரும், நாம் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்போம். நானே நாக்பூரில் இரண்டு ராத்திரி அப்படித் திட்டியிருக்கிறேன். அதோடு வந்த அடாப்டரையே சுவரில் போடுங்கள். டிவி பக்கத்தில் ஒரே பிளக்தான் இருக்கும், அதில் செட்டாப் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், ஐந்து வாரத்துக்கு வேறு எத்தனையோ உபயோகம் இருக்கிறது. ஸ்டிக் பெட்டியில் விரல் நீளத்தில் ஒரு எச்டிஎம்ஐ இணைப்பு வயர் வரும். தம்பியிடம் கேட்டு அடுத்த முறை கொண்டுவரச் சொல்லுங்கள், சுவரோடு ஒட்டிய டிவிக்கென்றே கொடுத்தது அது.

ஓடிபி அடிக்க முடியும். ஃபயர் ஸ்டிக்கில் அந்த வைஃபையைத் தேர்ந்தெடுத்தால் அதே பக்கம் டிவியிலேயே திறக்கும். ரிமோட் வளையத்தால் அம்புக்குறியை நகர்த்தி எண்களை அடிக்கலாம், பொறுமைதான் வேண்டும். பக்கம் திறக்காவிட்டால் அந்த வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப இணையுங்கள். கூகுளின் பழைய குரோம்காஸ்டில், அதுவும் இதே மாதிரி டிவியில் சொருகுகிற கருவிதான், இந்த வசதி கிடையாது, அதில் பிரவுசரே இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

வயர்மேன்:

ஹோட்டல்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் வேலையில் 9 வருடம் இருந்தேன். மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி. இரண்டு கருவிக் கணக்குக்கு மட்டும் நான் சொல்கிறேன்.

அந்த நுழைவுப் பக்கம் உங்களை ஞாபகம் வைத்திருப்பது பெயரை வைத்து இல்லை, கருவியின் மேக் முகவரியை வைத்து. ஒவ்வொரு கருவிக்கும் 12 எழுத்தும் எண்ணுமாக ஒன்று இருக்கும். ஸ்டிக்கில் செட்டிங்ஸ் போய், மை ஃபயர் டிவி, அபவுட், நெட்வொர்க் என்று போனால் திரையில் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி, அறை எண்ணும் போட்டு ரிசப்ஷனில் கொடுங்கள். "இதை வைஃபை பார்க்கிறவரிடம் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள், அம்மா பேஷன்ட், ஐந்து வாரம் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அவர் சேர்த்துவிட்டால் பக்கமும் வராது, ஓடிபியும் வராது, போய் நின்றால் நேராக இணையும். எங்களுக்கு அது இரண்டு நிமிட வேலை. பலர் கேட்பதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். கேட்டவர் யாருக்கும் நான் இல்லையென்று சொன்னதில்லை.

அவர்கள் முடியாது என்றால் இரண்டு வழி. அம்மா போனை வைஃபையிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தை ஸ்டிக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லை, கையில் விண்டோஸ் 10 அல்லது 11 லேப்டாப் இருந்தால் அதை லாட்ஜ் வைஃபையில் இணைத்து ஓடிபி போட்டுவிட்டு, செட்டிங்ஸில் மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். ஸ்டிக் லேப்டாப்பின் வைஃபையில் சேரும். லாட்ஜுக்கு ஒரு கருவிதான் தெரியும். லேப்டாப் தூங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி பயணம் போகிறவர்கள் இதற்கென்றே உள்ளங்கை அளவு டிராவல் ரூட்டர் வைத்திருப்பார்கள், ஐந்து வாரத்துக்காக அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

போனிலிருந்து டிவிக்கு அனுப்பிப் பார்க்க முயற்சி செய்தால் ஸ்டிக் போனுக்குத் தெரியாது. ஒரு அறையின் கருவி இன்னொரு அறையின் கருவியைப் பார்க்கக் கூடாது என்று நாங்கள்தான் தடுத்து வைப்போம். அது உங்கள் பாதுகாப்புக்கு. அதை எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், ஸ்டிக் ரிமோட்டிலேயே பாருங்கள்.

நெல்லிக்காய்:

அக்கா, போன வருடம் அப்பாவோடு அதே பகுதியில் 6 வாரம் இருந்தேன். உங்கள் அறை எனக்குக் கண்ணில் தெரிகிறது.

இதை யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். ராத்திரி 7 மணியிலிருந்து 10 மணி வரைக்கும் அங்கே வைஃபையை நம்பாதீர்கள். எல்லா அறையிலும் ஊருக்கு வீடியோ கால் போய்க்கொண்டிருக்கும். ஆனால் காலை 8 மணியிலிருந்து ஒரு மணி வரை லாட்ஜே காலியாக இருக்கும், எல்லோரும் ஓபி வரிசையில் நிற்பார்கள். அம்மாவின் சிட்டிங் காலையில் சீக்கிரம் முடிகிறதென்றால் 11 மணிக்கு அறைக்கு வந்து, முந்தின ராத்திரி எபிசோடைப் போடுங்கள். ஆப்பில் எல்லாம் இருக்கும். அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, சீரியல் என்றால் அந்த நேரத்துக்குத்தான் பார்க்க வேண்டும் என்றார். நாலாம் நாள் அவரே மணி பார்க்க ஆரம்பித்தார். சிகிச்சை முடிந்து வந்ததும் ஒன்று காத்திருக்கிறது என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

படத்தின் தரத்தைக் குறைத்துவிடுங்கள். 32 இன்ச் டிவியில், கட்டிலிலிருந்து பார்க்கும் தூரத்தில், 720பி போதும். நொடிக்கு 3 மெகாபிட் வேகம் இருந்தாலே அது நிற்காமல் ஓடும். ஸ்டிக்கின் செட்டிங்ஸில் டேட்டா மானிட்டரிங் என்று ஒன்று இருக்கிறது, அங்கேயும் தரத்தைக் குறைக்கலாம். ஹாட்ஸ்பாட் போட வேண்டி வந்தால் அது கை கொடுக்கும்.

இன்னொன்று, நெட்ஃபிளிக்ஸ் வைத்திருந்தால் மொபைல் பிளானா என்று பாருங்கள், அது டிவியில் வராது. சன் டிவி சீரியல் என்றால் சன் நெக்ஸ்ட், விஜய் டிவி என்றால் ஜியோ ஹாட்ஸ்டார். ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஸ்டிக்கில் லாகின் பண்ணிவைப்பதுதான் நல்லது. தம்பி பண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஊர்க்குருவி:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

குமிழ் அடி விளிம்பில் நடுவில்தான் இருந்தது. மூன்று நாளாக அதற்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். மேக் முகவரியைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். ரிசப்ஷன் பையனுக்கு அது என்னவென்று தெரியவில்லை, ஆனால் போட்டோ எடுத்து யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மதியம் 3 மணிக்கு ஸ்டிக் தானாக இணைந்துவிட்டது. வயர்மேன் சார், நீங்கள் சொன்ன வார்த்தையையே அப்படியே சொன்னேன்.

படம் நின்று நின்று வந்தது. அடாப்டரைச் சுவரில் போட்டதும் சரியாகிவிட்டது. சூட்கேஸ் அண்ணா, யுஎஸ்பியில்தான் சொருகியிருந்தேன்.

இன்று சிட்டிங் முடிந்து பத்தே முக்காலுக்கு அறைக்கு வந்தோம். அம்மாவுக்குத் தொண்டை வறட்சி, இட்லி பாதிதான் இறங்கியது. நாலு நாள் எபிசோடு பாக்கி இருந்தது. இரண்டு பார்த்தார். மூன்றாவது பாதியில் தூங்கிவிட்டார். எதிர் அறை அக்கா, மேதினிபூர்க்காரர், வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். மொழி புரியாவிட்டாலும் மாமியார் யார், மருமகள் யார் என்று சரியாகக் காட்டினார். அம்மா சிரித்தார்.

ஒரு சந்தேகம் பாக்கி. அறையைக் காலி செய்யும்போது ஸ்டிக்கில் எதையாவது அழிக்க வேண்டுமா?

வயர்மேன்:

வேண்டாம், உங்கள் ஸ்டிக்தானே. கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள், அடாப்டரை மறக்காமல். டிவியைத் திரும்ப செட்டாப் பாக்ஸுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். அறை டிவியிலேயே யாராவது லாகின் பண்ணியிருந்தால்தான் வெளியேற வேண்டும். ஒருவேளை ஸ்டிக்கையே விட்டுவிட்டு வந்தால் அமேசான் கணக்கில் கருவிகள் பட்டியலில் போய் அதை நீக்கிவிடலாம். அந்த எதிர் அறை அக்காவிடமும் ஸ்டிக் இருந்தால் தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். இப்போது அந்தப் பையனுக்கு யாருக்கு அனுப்ப வேண்டும் என்று தெரியும்.