புதுப்பிப்பு: இத்தாலி ரயில் டிக்கெட் முத்திரை

டிக்கெட்டில் முத்திரை குத்தாமல் ஏறினால் அபராதம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். எல்லா ரயிலுக்குமா என்று கேட்டவர்களுக்காக இது.

இருக்கை எண்ணோடு வரும் ஃப்ரெச்சியாரோஸ்ஸா (அதிவேக ரயில்), இன்டர்சிட்டி (தொலைதூர ரயில்) டிக்கெட்டுகளுக்கு முத்திரை தேவையில்லை. ரெஜியோனாலே எனப்படும் உள்ளூர், வட்டார ரயிலின் காகித டிக்கெட்டுக்குத்தான் வேண்டும். நடைமேடைக்குப் போகும் வழியில் சுவரிலோ தூணிலோ முத்திரை குத்தும் சின்னப் பெட்டி இருக்கும். டிக்கெட்டின் முனையை உள்ளே நுழைத்து, சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். தேதியும் நேரமும் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மை காய்ந்த பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துப் பெட்டியும் பழுதென்றால் தேதி, நேரம், நிலையம் மூன்றையும் பேனாவால் எழுதி, ஏறியதும் நீங்களே நடத்துநரைத் தேடிப்போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் சொல் எடுபடாது.

வெனிஸுக்கு 'வெனேசியா மெஸ்த்ரே' நிலையத்தில் இறங்காதீர்கள், அது தீவு நகருக்கு வெளியே உள்ள நிலப்பகுதி. பாலம் தாண்டி, சுமார் பத்து நிமிடத்தில் வரும் சாந்தா லூச்சியா நிலையம்தான் கால்வாய்க்கரை.

நிலைய அறிவிப்புப் பலகையில் 'ஷோப்பெரோ' (sciopero) என்று கண்டால் வேலைநிறுத்தம். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறைந்தபட்ச ரெஜியோனாலே சேவை ஓடும். ஞாயிறு, விடுமுறை நாட்களில் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.