ஜோன்ஸ் ரிடக்டரில் பிளாங்க் ஏறுகிறது, இரும்பும் கூடுதலாக வருகிறது. எங்கே பிழை?

கேள்வி:
இரும்புத் தாதுவைக் கரைத்து, ஜோன்ஸ் ரிடக்டர் (பாதரசம் ஏற்றிய ஜிங்க், அதாவது ஜிங்க் அமால்கம், நிரப்பிய குழாய்) வழியாக விட்டு இரும்பை ஒடுக்கி (எலக்ட்ரான் ஏற்க வைத்து), 0.02 மோலார் பெர்மாங்கனேட்டால் டைட்ரேட் செய்கிறோம் (எவ்வளவு செலவாகிறது என்று அளந்து இரும்பைக் கணக்கிடுகிறோம்). தாது இல்லாமல் வெறும் அமிலத்தை விட்ட பிளாங்க்கே (ஒப்பீட்டுச் சோதனை) 0.6 மி.லி. பெர்மாங்கனேட்டை இழுக்கிறது. அதைக் கழித்த பிறகும் இரும்பு கூடுதலாகத்தான் வருகிறது. தாது கரைய ஹைட்ரோகுளோரிக்கோடு கொஞ்சம் நைட்ரிக்கும் சேர்க்கிறோம். ஜிங்க்கின் மேல்பகுதி மங்கி, வெள்ளை பூத்திருக்கிறது.

பதில் 1:
இரண்டு தனித்தனிப் பிழைகள் இவை.

வெள்ளை பூத்திருந்தால் காற்று பட்டிருக்கிறது என்று பொருள். திரவமட்டம் ஜிங்க்குக்குக் கீழே இறங்கியதும் ஆக்சிஜன் அமால்கம் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும். பெர்மாங்கனேட்டைத் தின்பது அதுதான். வெள்ளை, ஜிங்க்கின் கார உப்பு. ஜிங்க்குக்கு மேல் எப்போதும் 2 செ.மீ. திரவம் நிற்கட்டும். வேலை முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி மூடிவையுங்கள். தொடங்கும் முன் 1 மோலார் சல்ஃப்யூரிக் 200 மி.லி. விட்டு பிளாங்க் பாருங்கள்; 0.1 மி.லி.க்குக் கீழே வரும்வரை மாதிரியைத் தொடவே வேண்டாம்.

கழித்த பிறகும் மிஞ்சுவதற்கு நைட்ரேட் காரணம். அது ஹைட்ராக்சிலமீனாக ஒடுங்கி பெர்மாங்கனேட்டோடு வினைபுரியும். பிளாங்க்கில் நைட்ரிக் இல்லாததால் அங்கே தெரியாது. அடர் சல்ஃப்யூரிக் சேர்த்து வெண்புகை வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, பீக்கரின் உட்சுவரை நீரால் கழுவி, மறுபடியும் புகையவிடுங்கள். சுவரில் ஒட்டிய நைட்ரிக் ஒரே முறையில் போகாது. குளோரைடும் இதிலேயே போய்விடும்.

பதில் 2:
பூத்த ஜிங்க்கை மாற்றிவிடுவது நல்லது. 20–30 மெஷ் (சல்லடை அளவு) ஜிங்க் குருணை 300 கிராம், 2% மெர்க்குரிக் குளோரைடு 300 மி.லி., அடர் நைட்ரிக் 1–2 மி.லி.; 5–10 நிமிடம் கிளறி, இறுத்து, மூன்று முறை நீரில் அலசுங்கள். குருணை ஒவ்வொன்றும் வெள்ளிபோல் பளபளக்க வேண்டும். பாதரசம் போதாவிட்டால் அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் குமிழ் கிளம்பும். குமிழ்கள் இடையில் சிக்கி, கரைசல் ஒரே பக்கமாக ஓடிவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தாதுவில் டைட்டேனியமும் உண்டு. பரவாயில்லையா?

பதில் 1:
பரவாயில்லை என்று விட முடியாது. ஜிங்க் அதையும் மூவிணைதிற நிலைக்கு ஒடுக்கிவிடும், இரும்புக் கணக்கில் சேர்ந்துவிடும். வால்டன் வெள்ளி ரிடக்டருக்கு (ஜிங்க்குக்குப் பதில் வெள்ளி நிரப்பிய குழாய்) மாறுங்கள். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக்கில் வெள்ளி இரும்பை ஒடுக்கும், டைட்டேனியத்தைத் தொடாது. குளோரைடு இருப்பதால் பெர்மாங்கனேட் கூடாது, டைக்ரோமேட் எடுங்கள்.

பதில் 2:
அமால்கம் அலசிய நீரைத் தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள். கரைந்த பாதரசம் அதில் இருக்கிறது. பழைய ஜிங்க்கையும் அதையும் தனித்தனி மூடிய பாட்டிலில் 'பாதரசக் கழிவு' என்று எழுதி ஒப்படையுங்கள். ஈர ஜிங்க் ஹைட்ரஜன் விடும், அந்த மூடியை மட்டும் இறுக்க வேண்டாம்.