டைரக்ட் ஃபேனை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா? (10 வீல், 2018)

ஜவ்வரிசி லோடு

வணக்கம்ங்க. சொந்த வண்டி, நானேதான் ஓட்டுகிறேன். 2018 மாடல் 10 வீல் லாரி, பிஎஸ்4 (புகைக் கட்டுப்பாட்டு விதி), 24 வோல்ட். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிப் புனே, மும்பை பக்கம் போவேன். திரும்பும்போது வெங்காயமோ வேறு எதுவோ, கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வருவேன்.

போன வருடம் வழியில் ஃபேன் கிளட்ச் (ரேடியேட்டர் ஃபேனைத் தேவைப்படும்போது மட்டும் எஞ்சினோடு பிடிக்க வைப்பது) போய்விட்டது. பக்கத்தில் இருந்த பட்டறையில் காட்டினேன். புது கிளட்ச் விலையைச் சொன்ன கையோடு, "எதுக்குண்ணா அவ்வளவு காசு, டைரக்ட் பண்ணிடலாம்" என்று கிளட்ச்சில் துளை போட்டு, ஃபேன் எப்போதும் எஞ்சினோடே சுற்றும்படி இரண்டு போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஏரோப்ளேன் சத்தம்தான். 1,800 ஆர்பிஎம் தாண்டினால் பக்கத்தில் இருக்கிற கிளீனரிடம் கத்தித்தான் பேச வேண்டும். லோடோடு லிட்டருக்கு 4.2 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 3.9 தாண்டவில்லை.

சரி, சத்தம் போட்டாலும் சூடாவது ஏறாமல் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில், மத்தியான வெயிலில், சூட்டு மீட்டர் முள் சிவப்புக்கு ஒரு விரல் இந்தப் பக்கம் வந்து நிற்கிறது. இரண்டு தடவை ஓரம் கட்டிவிட்டேன்.

இப்போது ஒருவர், கார் ரேடியேட்டர் ஃபேன் இரண்டு, சுவிட்ச், ரிலே எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார். 12 வோல்ட் ஃபேன் இரண்டையும் வரிசையாக இணைத்தால் 24 வோல்ட்டுக்குச் சரியாகிவிடுமாம், லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடுமாம். யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

நாலு சக்கரம்

நான் போட்டிருக்கிறேன் நண்பா, சூப்பராக ஓடுகிறது. என்னுடையது சின்ன வண்டி, 12 வோல்ட், லோக்கல் ஓட்டம்தான். தாராளமாகப் போடுங்கள்.

ரேடியேட்டர் கடைக்காரன்

தம்பி, 14,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

உங்கள் எஞ்சின் 200 குதிரைத்திறன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேட்டில் முழு மூச்சாக இழுக்கும்போது அதில் ஏறக்குறைய பாதி அளவுக்கான சூடு ரேடியேட்டர் வழியாக வெளியே போயாக வேண்டும். அவ்வளவு சூட்டையும் அள்ளிக்கொண்டு போகும் காற்றை இழுக்க, உங்கள் பெரிய ஃபேன் முழு வேகத்தில் 10 குதிரைத்திறன் வரைக்கும் சாப்பிடும். இதை மின்சாரமாக மாற்றிப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். பத்துக்கு 7,460. அதை 24ஆல் வகுத்தால் 310 ஆம்பியர் வருகிறது, மோட்டாரில் வீணாவதைச் சேர்க்காமலே. உங்கள் ஆல்டர்னேட்டர் (எஞ்சினில் ஓடி மின்சாரம் கொடுப்பது) தகட்டில் என்ன போட்டிருக்கிறது? 80 ஆம்பியர் இருக்கலாம். அப்படியானால் அது மொத்தமாகக் கொடுப்பதே 1,900 வாட்தான், அதிலேதான் லைட்டும் பேட்டரி சார்ஜும்.

கார் ஃபேன் ஒன்று முந்நூறு வாட்டோ கொஞ்சம் கூடவோ இழுக்கும். இரண்டு போட்டாலும் ஒரு குதிரைத்திறன் வருமா என்பதே சந்தேகம். பத்துப் பேர் தூக்குகிற மூட்டைக்கு ஒருத்தரை அனுப்புகிற மாதிரி. நாலு சக்கரம் தம்பி சொன்னது பொய்யில்லை. அவருடைய எஞ்சினும் சின்னது, சூடும் சின்னது.

காரில் மட்டும் ஏன் எலக்ட்ரிக் என்று கேட்கலாம். பெரும்பாலான கார்களில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) பக்கவாட்டைப் பார்க்கிறது, ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது. பெல்ட் போட்டு ஃபேனை எப்படித் திருப்புவார்கள்? லாரியில் எஞ்சின் நீளவாக்கில், ரேடியேட்டருக்கு நேர் பின்னால். மேட்டில் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது முன்னாலிருந்து காற்று வராது. ஆனால் சின்ன கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஃபேனும் கூடவே சுற்றும். தேவைப்படும் இடத்தில் தானாகவே காற்று கிடைத்துவிடுகிறது.

வரிசையாக இணைக்கிற யோசனை ஆபத்து. ஒரு ஃபேனில் சாக்குத் துண்டு சிக்கி நின்றுவிட்டால், கிட்டத்தட்ட 24 வோல்ட்டும் அடுத்ததன் தலையில் விழும். ஒன்றில் வயர் அறுந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். அது தொப்பூர் பாதி மேட்டில் நடந்தால்?

மைலேஜ் குறைந்தது உண்மைதான். அதற்குக் காரணம் ஃபேன் எஞ்சினில் ஓடுவது அல்ல, ஓயாமல் ஓடுவது. ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அது தின்னும் சக்தி எட்டு மடங்காகும். கிளட்ச் இருந்தபோது சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே போதுமானதாக இருந்தது, ஃபேன் சும்மா சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கிளட்ச்சுக்குள்ளே கெட்டியான சிலிக்கான் எண்ணெய் இருக்கும். முகப்பில் சுருள் மாதிரி ஒரு உலோகப் பட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அந்தப் பட்டை முறுக்கிக்கொண்டு உள்ளே வால்வைத் திறக்கும், எண்ணெய் பரவும், ஃபேன் பிடித்துக்கொள்ளும். வயர் கிடையாது, சுவிட்ச் கிடையாது. (பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் இதையும் கம்ப்யூட்டர் கையில் கொடுத்துவிட்டார்கள்.) போல்ட் போட்டதும் அந்தச் சோம்பல் போச்சு. இறக்கத்தில் எக்சாஸ்ட் பிரேக்கோடு ஃபேனும் கொஞ்சம் பிடித்துக்கொடுக்கும், அது ஒன்றுதான் லாபம்.

இப்போது முக்கியமான விஷயம். டைரக்ட் ஃபேனே சூட்டைத் தணிக்கவில்லை என்றால் குற்றம் ஃபேனில் இல்லை. காற்று போகவில்லை, இல்லாவிட்டால் தண்ணீர் ஓடவில்லை. மூன்றைச் சொல்லுங்கள். ஒன்று, சூட்டுக்கு ஏற்றபடி தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு உள்ளே இருக்கிறதா, அதையும் யாராவது கழற்றி எறிந்துவிட்டார்களா? இரண்டு, கூலன்ட் ஊற்றுகிறீர்களா, போர் தண்ணீரா? மூன்று, இன்டர்கூலருக்கும் (டர்போ காற்றைக் குளிர்விப்பது, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும்) ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? ஃபேனைச் சுற்றி இருக்கும் கூடு, அதாவது கவுல், முழுசாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

டிப்போ ஆள்

அண்ணன் சொன்னது லாரிக்குச் சரி. எஞ்சின் பின்னால் இருக்கிற தாழ்தளப் பேருந்தில் கதை வேறு. ரேடியேட்டர் பக்கச் சுவரில் இருக்கும், கிராங்க் அந்தப் பக்கமே திரும்பாது. அதனால் ஹைட்ராலிக் மோட்டாரில் ஃபேன் ஓட்டுவார்கள். ஹோஸ் கசிந்தால் அந்தப் பக்கம் பூராவும் எண்ணெய்தான், என் சட்டைகளைப் பார்த்தாலே தெரியும்.

அமெரிக்க நகரப் பேருந்துகளில் இதற்கு மாற்றாக நிஜமாகவே எலக்ட்ரிக் ஃபேன் வைக்கிறார்கள். ஆனால் வரிசையாக ஆறு, எட்டு ஃபேன், தனித்தனி வேகக் கட்டுப்பாடு, அதற்கேற்ற பெரிய ஆல்டர்னேட்டர். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் வண்டிக்கு அது பொருந்தும், எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் காற்று குறையாது. இரண்டு கார் ஃபேனும் அதுவும் ஒன்றாகாது.

ஜவ்வரிசி லோடு

அண்ணா, பதில் போடத் தாமதமாகிவிட்டது, மூன்று வாரம் ஓட்டத்தில் இருந்தேன்.

நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டுக்குப் பதில் எனக்கே வெட்கம். தெர்மோஸ்டாட் இல்லை, எப்போது கழற்றினார்கள் என்றே தெரியவில்லை. கூலன்ட் ஒரு தடவை ஒழுகிப்போனபிறகு கிடைத்த தண்ணீர்தான். டேங்க் மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

நாமக்கல்லில் இன்டர்கூலரைக் கழற்றச் சொன்னேன். நடுவில் புழுதி, வெங்காயத் தோல், பூச்சி, டீசல் புகை எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு படலம். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் தோலை உரித்த மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. முன்னாலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கிறது, உள்ளே இப்படி.

கவுலின் கீழ்ப்பாதியும் இல்லை. போல்ட் போட்டபிறகு ஃபேன் ஆட்டம் கொடுத்து உரசியிருக்கும் போல, அறுத்து எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

ரேடியேட்டர் கடைக்காரன்

அப்போது கேட்கவே வேண்டாம். கவுல் இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காது, எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். புதுக் கவுல் மாட்டுங்கள். ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவச் சொல்லுங்கள், வேகமான பம்ப்பை ஒட்டிப் பிடித்தால் தகடு மடங்கிவிடும். உள்ளே உப்பு எடுத்துவிட்டு, தெர்மோஸ்டாட், கூலன்ட், அப்புறம் புது கிளட்ச்.

கிளட்ச் மாட்டியபின் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு நிமிடம் பழைய சத்தம் கேட்கும், பயப்படாதீர்கள். ராத்திரி எண்ணெய் உள்ளே தங்கியிருக்கும், ஓடினதும் ஒதுங்கிவிடும்.

ஜவ்வரிசி லோடு

கிளட்ச் நாளை வருகிறதாம். திங்கட்கிழமை லோடு. தொப்பூர் ஏறியதும் முள் எங்கே நின்றது என்று போடுகிறேன்.