ஆண்கள் லெக்கிங்ஸும் டைட்ஸும் அணிந்து ஊருக்குள் நடமாடுவது பற்றி

கேள்வி: பகாவ் ஓட்டக்காரன்

வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் பட்டணத்துக்கு வெளியே உள்ள ஒரு செம்பனை ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வயது நாற்பதை நெருங்குகிறது. மனைவியும் பிள்ளைகளும் உண்டு. மாலையில் திடலில் ஓடுவதற்காக வாங்கிய கறுப்பு டைட்ஸ், நாள் முழுக்க நின்றுகொண்டே எண்ணெய் மாதிரிகளைச் சோதிக்கும் கால்களுக்கு இதமாக இருந்ததால், சில மாதங்களாக வேலைச் சிலுவாருக்கு (காற்சட்டைக்கு) உள்ளேயும் அதையே போட்டு வருகிறேன். இதனால் எந்தப் பேச்சும் எழவில்லை, ஏனெனில் அது யார் கண்ணிலும் படவில்லை.

இப்போது என் ஆசை வேறு. சாம்பல் நிற லெக்கிங்ஸை முழங்காலுக்குச் சற்று மேலே முடியும் ஜிப்பாவுடன் அணிந்து ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் கடைத்தெருவுக்கும் போய்வர விரும்புகிறேன். குளிரூட்டிய பேரங்காடிக்குச் சிரம்பான் போகும் நாள்களில், லெக்கிங்ஸுக்குப் பதிலாக மெல்லிய கறுப்பு டைட்ஸும் அரைக்கால் சிலுவாரும் அணிந்து பார்க்கலாம் என்றும் தோன்றுகிறது. விளையாட்டுக்காகவோ வைத்தியத்துக்காகவோ இதை நான் கேட்கவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறது, அணிய லேசாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

ஒரு மாலை அப்படிப் போயும் பார்த்தேன். ஓடி முடித்து, அரைக்கால் சிலுவாருக்குக் கீழே டைட்ஸ் தெரிய, வியர்வையோடு ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்தால் யாரும் என்னை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைக்க வேண்டும் என்ற மார்க்க விதிக்காக மலாய் நண்பர்கள் பலர் அப்படித்தான் பந்து விளையாடுகிறார்கள் என்பதால், அந்தத் தோற்றம் ஊருக்குப் பழகிப்போனது. அதே கடைக்கு அதே டைட்ஸோடு ஜிப்பாவும் செருப்புமாகப் போனபோது, தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் முதல் கல்லாவில் இருந்தவர் வரை எல்லாரும் என் கணுக்காலில் தொடங்கி மெதுவாக மேலே பார்த்தார்கள். பக்கத்து மேசைப் பெரியவர், “என்ன தம்பி, சிலுவார் போட மறந்துவிட்டாயா?” என்று கேட்டுச் சிரித்தார். மனைவி மறுப்புச் சொல்லவில்லை. அப்பாதான் “கூத்தாடி வேடம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

எந்தக் கனத்தில், எந்தத் துணியில் வாங்குவது, பெண்களுக்கென்று விற்பதை ஆண் உடம்புக்கு வாங்கலாமா, சட்டப்படி ஏதேனும் சிக்கல் உண்டா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். கோலாலம்பூரில் எப்படியும் உடுத்தலாம் என்பது எனக்குத் தெரியும். தாத்தா பெயரைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடும் தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு கேட்கிறேன்.

பதில்: தையல்கடை அக்கா, சிரம்பான்

தம்பிக்கு வணக்கம். ஊர்ப் பேச்சை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் துணியைப் பற்றிச் சொல்கிறேன்.

மெல்லிய டைட்ஸின் கனத்தை டெனியர் என்ற அளவால் குறிக்கிறார்கள். 9,000 மீட்டர் நீள நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே அதன் டெனியர். பதினைந்து, இருபது என்று போட்டிருந்தால் தோல் தெரியும், நகம் பட்டாலே இழை ஓடிவிடும். நாற்பதுக்கு மேல் போனால் நிறம் நன்றாகப் படியும். எண்பதில் தோல் பெரும்பாலும் மறைந்துவிடும். அரைக்கால் சிலுவாருக்குக் கீழே அணியப் போகிறீர்கள் என்றால் எண்பதுக்குக் குறைந்து வாங்காதீர்கள். உள்ளே முடி இருக்கும் காலில் இருபது டெனியர் எப்படித் தெரியும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன்: முடி வலைக்குள் அமுங்கிச் சுழி சுழியாகத் தெரியும். தோல் நிறம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் தொடவேண்டாம். அது பெரும்பாலும் வெளுத்த தோலுக்காகச் சாயமிட்டது. நம் காலில் ஏறினால் சாம்பல் பூசியது போல இருக்கும். கறுப்பு, கரும்பச்சை, கருநீலம் ஆகியவை நம் நிறத்துக்கு எடுப்பானவை.

லெக்கிங்ஸ் வேறு சங்கதி. பருத்தியோடு லைக்ரா கலந்த துணி நம் வெயிலுக்கு ஏற்றது. லைக்ரா என்ற இழுபடும் இழையை 1958இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். அதைச் சிறிதளவு சேர்த்தாலே முட்டி மடங்கி நிமிர்ந்த பிறகும் துணி தொளதொளக்காமல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்த இழைக்குச் சூடும் குளோரினும் ஆகாது. வெள்ளைத் துணிக்கு ஊற்றும் குளோராக்ஸ் பட்ட வாளியில் ஊறவைத்து, உச்சி வெயிலில் காயப்போட்டு, இஸ்திரியும் போட்டால், விரைவிலேயே முட்டியில் பை விழுந்துவிடும். நிழலில் காயவையுங்கள்.

பெண்களுக்கான அளவை வாங்குவது பற்றிக் கேட்டீர்கள். போட்டுக்கொள்ள முடியும், உட்காரத்தான் முடியாது. அவற்றில் இடுப்புப் பக்கம் அகலமாகவும் முன்புறம் இடமே இல்லாமலும் வெட்டியிருப்பார்கள். ஆண்களுக்கென்று வெட்டிய ஓட்ட டைட்ஸில் தொடையிடுக்கில் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்துத் தைத்திருக்கும். அதுதான் தையல் அறுந்துபோகாமல் காக்கும். வாங்கும்போது கடையின் வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். பின்புறம் துணி வெளுத்து உள்ளாடை தெரிந்தால் அடுத்த அளவை எடுங்கள்.

ஒன்றுமே சரிப்படவில்லை என்றால் சுடிதார் தைத்துக்கொள்ளுங்கள். துணியை இழைக்குச் சாய்வாக வெட்டுவதால் லைக்ரா இல்லாமலே அது கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்ளும், கூடுதல் நீளம் கணுக்காலில் வளையல் அடுக்குப் போலச் சுருங்கி நிற்கும். நேரு அச்கன் என்ற நீண்ட மேலங்கிக்குக் கீழே அணிந்திருந்தது அதுதான், அவரை யாரும் கூத்தாடி என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. தீபாவளிக்கு ஜிப்பாவும் சுடிதாரும் தைத்துப் போகும் ஆண்கள் என் கடைக்கே வருகிறார்கள். உங்கள் சாம்பல் லெக்கிங்ஸுக்கும் அதற்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு அதிகம் இல்லை.

பதில்: பழைய கிராணி

அந்த அப்பாவின் வயதுதான் எனக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் தலைமுறைக்கு இது புதிதே அல்ல என்று சொன்னால் அவர் என்னோடு சண்டைக்கு வரலாம், ஆனால் தோட்டத்தில் பெரிய துரை எப்படி வந்து நின்றார் என்பதை அவர் நினைவுபடுத்திக்கொள்ளட்டும். காக்கி அரைக்கால் சிலுவார், முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளை ஸ்டோக்கின், பளபளக்கும் காலணி. அதைப் பார்த்துக் தோட்ட ஆபீஸ் எழுத்தர்களான கிராணிமார்கள் நாங்களும் அதே ஸ்டோக்கினை வாங்கி, இறங்காமல் இருக்க மடிப்புக்குள் ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனோம். மாலையில் கழற்றினால் முழங்காலுக்குக் கீழே ஒரு சிவந்த வட்டம் இருக்கும். அந்தக் காலுறையைப் பார்த்து எவரும் சிரித்ததில்லை, ஏனெனில் அது அதிகாரத்தின் காலில் இருந்தது.

ஐரோப்பாவிலும் கதை அப்படித்தான். பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் காலை இறுகப் பிடிக்கும் உறையை ஊரறியக் காட்டிக்கொண்டு நடந்தவர்கள் ஆண்களே. பெண்களின் காலுறை நீண்ட பாவாடைக்குள் மறைந்திருந்தது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னரை 1701இல் ரிகோ என்ற ஓவியர் வரைந்த ஓவியத்தில், அரச அங்கியை விலக்கி வெண்பட்டுக் காலுறை அணிந்த கால்களைப் பெருமையோடு முன்னே நீட்டிக்கொண்டு நிற்கிறார், அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள், முழங்கால் சிலுவாரும் பட்டுக் காலுறையும் பிரபுக்களின் அடையாளம் என்று வெறுத்து, உழைப்பாளிகளின் நீண்ட சிலுவாரை உயர்த்திப் பிடித்தார்கள். அடுத்து வந்த காலத்தில் ஆண்களின் கால் சிலுவாருக்குள் போய்விட்டது. 1920களில் பெண்களின் பாவாடை விளிம்பு மேலேறியபோது, காலுறை பெண்களுக்கே உரியது என்ற எண்ணம் நிலைத்தது. நைலான் காலுறை அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1940 மே மாதத்தில்தான்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் நெகிரி செம்பிலானின் ஷரியா குற்றவியல் சட்டத்தில் ஆண் பெண்ணுடை அணிவதைத் தடுக்கும் 66ஆவது பிரிவு முஸ்லிம்களுக்கு மட்டுமே பொருந்தும். அதை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. 2015இல் கூட்டரசு நீதிமன்றம், வழக்கு தொடுக்கப்பட்ட முறை சரியில்லை என்று கூறி அந்தத் தீர்ப்பை நீக்கியது. மற்றவர்களைப் பொறுத்தவரை 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் பொது இடத்தில் அநாகரிகமாக நடந்துகொள்வது பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. தொடை தெரியாத ஜிப்பாவும் கனமான லெக்கிங்ஸும் அதில் எப்படி அடங்கும் என்று எனக்கு விளங்கவில்லை. அரசாங்க அலுவலகத்துக்கு மட்டும் முழுச் சிலுவாரில் போங்கள், வாசல் காவலரோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

பதில்: ஆலயத் தொண்டன்

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தைப் பணிவோடு வைக்கிறேன். எங்கள் ஆலய வாசலில், குட்டைச் சட்டையோடு லெக்கிங்ஸ் அணிந்து வரவேண்டாம் என்று பெண் பிள்ளைகளுக்கு அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறோம். அதை வைத்தபோது, பையன்களுக்கு ஏன் பலகை இல்லை என்று ஒரு மாணவி கேட்டாள். பையன்கள் அப்படி வருவதில்லை என்று பதில் சொன்னோம். இப்போது நாற்பது வயதுக் குடும்பஸ்தர் ஒருவர் அப்படி வந்தால் அந்தப் பதில் நிற்காது. உடல் வடிவத்தை அப்படியே காட்டும் உடையை ஆணும் தவிர்க்க வேண்டும், பெண்ணும் தவிர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. லூயி மன்னர் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வரப்போவதில்லை. சந்தைக்கு எதை அணிந்து போனாலும் அது தம்பியின் உரிமை. பால்குடம் எடுக்க வேட்டியோடு வந்தால் போதும்.

பதில்: தையல்கடை அக்கா, சிரம்பான்

தொண்டர் ஐயா, பலகையில் மேல்சட்டை முழங்காலைத் தொட வேண்டும் என்று மட்டும் எழுதிவிடுங்கள். அந்த மாணவியின் கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

பதில்: முன்னாள் டிரெஸ்ஸர்

தோட்ட மருந்தகத்தில் நெடுங்காலம் டிரெஸ்ஸராக இருந்தவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்டவர் ஆலையில் வேலைச் சிலுவாருக்கு உள்ளே டைட்ஸ் அணிவதாக எழுதியதை எவரும் கவனிக்கவில்லை. நைலான் ஏறத்தாழ 220 முதல் 260 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். உருகினால் எரிந்து விழாமல் தோலோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். பரிசோதனைக்கூடத்துக்குள் மட்டும் இருந்தால் அச்சம் குறைவு. ஆனால் மாதிரி எடுக்கக் கொதிகலன் உலைப் பக்கம் போகும் ஆள் என்றால், அன்று உள்ளே பருத்தி மட்டுமே இருக்கட்டும். ஊர் சிரிப்பதைவிட இதற்குத்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

அடுத்து, ஓட்ட டைட்ஸும், காலில் நரம்பு புடைத்து முறுக்கிக்கொள்ளும் நாளச்சுருளுக்குக் கொடுக்கும் அழுத்தக் காலுறையும் ஒன்றல்ல. வைத்தியக் காலுறையில் அழுத்தம் கணுக்காலில் மிகுந்து மேலே போகப் போகக் குறையும்; அந்த அளவைப் பாதரச மில்லிமீட்டரில் பெட்டியின்மேல் குறித்திருப்பார்கள். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன்பே அதை மாட்டிக்கொள்ள வேண்டும். நின்று வேலை செய்பவருக்குக் கெண்டைக்கால் கனத்து, மாலையில் நரம்பு புடைத்தால், கடையில் கிடைத்ததை வாங்கி இறுக்கிக்கொள்ளாமல் கிளினிக்கில் காலைக் காட்டி அளவெடுத்து வாங்குங்கள். இனிப்புநீரால் (நீரிழிவால்) பாதம் மரத்துப்போனவர்களும் காலுக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மருத்துவர் பார்க்காமல் இறுக்கமான உறை அணியவே கூடாது. நம் ஆள்களில் இனிப்புநீர் இல்லாத வீடு அரிது என்பதால் எழுதுகிறேன்.

வியர்த்த டைட்ஸோடு கடையில் உட்கார்ந்து கதை பேசுவதையும் நிறுத்துங்கள். தொடையிடுக்கில் படர்தாமரை வருவதற்கு நம் புழுக்கமே போதும். ஓடி முடித்ததும் கழற்றி, கழுவி, துடைத்து, உலர்ந்ததை அணிந்துகொண்டு பிறகு ரொட்டி சாப்பிடுங்கள்.

பதில்: குளுவாங் இளைஞன்

ஐயா, 1974இல் ஜோ நேமத் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் இடுப்பு வரை வரும் மெல்லிய காலுறையான பெண்களின் பேன்டிஹோஸ் விளம்பரத்தில் அதை அணிந்து தோன்றினார். காலில் தொடங்கி மேலே நகரும் படக்கருவி, கடைசியில் ஓர் ஆணின் முகத்தைக் காட்டும்போது பார்ப்பவர் திடுக்கிட வேண்டும் என்பதே அந்த வேடிக்கை. ரொட்டி சானாய் கடையில் உங்களைக் கணுக்காலிலிருந்து மேலே பார்த்தவர்களுக்கும் நேர்ந்தது அதுதான். ஆனால் ஒரே வேடிக்கைக்கு ஒரு கடையில் எத்தனை முறை சிரிப்பார்கள்? நான் இங்கே லெக்கிங்ஸோடு மோட்டாரில் போகிறேன். மேலே நீளமான டீசட்டை. முதலில் பேசினார்கள், பிறகு பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்: பகாவ் ஓட்டக்காரன்

அனைவருக்கும் நன்றி. டிரெஸ்ஸர் ஐயா சொன்னதைப் படித்ததும், கொதிகலன் பக்கம் முறை வரும் நாள்களில் டைட்ஸ் அணிவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். என்னோடு வேலை செய்யும் இருவருக்கும் அதைக் காட்டினேன், அவர்களும் உள்ளே அணிகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. தொண்டர் ஐயா, கோயிலுக்கு வேட்டிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் இந்தப் பதில்களைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. ஓட்டம் என்றால் அணியலாம், மார்க்கம் என்றால் அணியலாம், நரம்பு புடைத்தால் அணியலாம், துரை என்றால் அணியலாம். பிடித்திருக்கிறது என்று சொன்னால் மட்டும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கால் வலிக்காகப் போடுகிறேன் என்று அவரிடம் ஒரு பொய் சொன்னால் இன்றே பேச்சு முடிந்துவிடும். அதைச் சொல்ல எனக்கு மனமில்லை.

அக்கா, சாம்பல் நிறப் பருத்தி லைக்ராவில் ஒன்றும், வெள்ளைச் சுடிதார் ஒன்றும் தைக்க எவ்வளவு துணி வேண்டும்? என் உயரம் 172 சென்டிமீட்டர், இடுப்பு 34 அங்குலம்.