மர்மப் புள்ளிகளில், அதாவது உடலின் உயிர்நிலை இடங்களில், மனத்தை நிறுத்தும்போது என்ன நேர்கிறது?

யோகா சொல்லித் தருபவர்:

புருவ மத்தியில் கவனம் வையுங்கள் என்றதும் பலர் மூடிய இமைக்குள் இரண்டு கண்ணையும் மேலே செருகிக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் நெற்றி கனக்கும், பத்து நிமிடத்தில் தலைவலி வரும். அந்த வலியை ஆக்ஞை எனும் புருவ மத்திச் சக்கரம் திறப்பதாக எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்துவார்கள். வலிப்பது கண்ணைத் திருப்பும் சின்னஞ்சிறு தசைகள்தான். மேலேயும் உள்ளேயும் விடாமல் இழுத்துப் பிடித்தால் அவை சோர்ந்து போகும்.

இப்படிச் செய்து பாருங்கள். மோதிர விரல் நுனியால் புருவங்களுக்கு நடுவே தொடுங்கள். அழுத்தவே வேண்டாம், இறகு படுகிற அளவு போதும். மூன்று மூச்சு ஆனதும் விரலை எடுத்துவிடுங்கள். விரல் போன பிறகும் அந்த இடத்தில் தொட்ட உணர்வு கொஞ்ச நேரம் மிஞ்சி நிற்கும். கவனம் வைக்க வேண்டியது அந்த மிச்சத்தில்தான். கண்மணிகள் இமைக்குள்ளேயே மார்பைப் பார்ப்பது போலத் தாழ்ந்திருக்கட்டும். நடுநடுவே இரண்டு விஷயம் சரிபாருங்கள்: நெற்றித் தோல் சுருங்கியிருக்கிறதா, கடைவாய்ப் பற்கள் கடித்திருக்கின்றனவா. இரண்டும் தளர்ந்திருந்தால் சரியாகச் செய்கிறீர்கள். மிச்ச உணர்வு அரை நிமிடத்தில் மறைந்தால் மறுபடி தொடலாம், தப்பே இல்லை. சில வாரங்களில் தொடாமலே அந்த இடம் பதில் சொல்லத் தொடங்கும்.

எந்தப் புள்ளிக்கும் இதே வரிசைதான்: முதலில் தொடு, பிறகு விடு, பிறகு உணர். ஒளியையும் தாமரையையும் முதல் நாளே கற்பனை செய்யத் தொடங்கினால் மனம் படம் வரைந்துகொண்டே இருக்கும், உடம்புப் பக்கமே வராது.

*

ஆயுர்வேத மருத்துவர்:

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 'புள்ளி' என்ற சொல்லே பாதிப் பேரைத் தடுமாற வைக்கிறது. ஊசிமுனை அளவில் எதையோ தேடுகிறார்கள். பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையின் சாரீரஸ்தானம் (உடலமைப்புப் பகுதி) 6-ஆம் அத்தியாயம் 107 மர்மங்களைச் சொல்கிறது, பரப்பளவையும் சேர்த்தே சொல்கிறது. மணிக்கட்டு, கணுக்கால் 2 அங்குலம். முழங்கால், முழங்கை 3 அங்குலம். இதயம், தொப்புள், மூத்திரப்பை இவையெல்லாம் அவரவர் மூடிய கையளவு. இங்கே அங்குலம் என்பது அவரவர் விரல் அகலம், அளவுநாடாவில் இருக்கும் அங்குலம் இல்லை. ஆகவே இதயத்தில் கவனம் வைப்பதென்றால் மூடிய கை அளவுள்ள ஓர் இடத்தில் கவனம் தங்கினால் போதும். கடுகளவு இடத்தைத் தேடித் தேடி மூச்சைப் பிடித்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு.

இன்னொன்று. மர்மம் என்ற கருத்தே அடிபட்டால் ஆபத்தான இடம் என்ற கணக்கில் வந்தது. 107-இல் 19 இடங்கள் அடிபட்டால் உடனே உயிர் போக்கும் வகை என்று பிரித்திருக்கிறார்கள். உச்சி, பொட்டு, கழுத்தின் இரு பக்கத்து எட்டு இடங்கள், இதயம், தொப்புள் எல்லாம் அதில் அடக்கம். ஸ்தபனி எனும் புருவ மத்தி வேறு வகை. அங்கே தைத்த பொருள் உள்ளே இருக்கும்வரை உயிர் நிற்கும், பிடுங்கினால் போகும் என்கிறது நூல். தமிழ் வர்ம மரபு 108 என்று எண்ணுகிறது, கடுமையாகப் பாதிக்கும் படுவர்மம் 12, அதைவிட இலேசான தொடுவர்மம் 96. எந்த மரபை எடுத்தாலும் தியானத்துக்கு அழுத்தம் தேவையில்லை. குறிப்பாகக் கழுத்தின் இருபுறமும் விரலால் அழுத்தாதீர்கள். அங்கே ஓடும் பெரிய தமனியில் ரத்த அழுத்தத்தை அறியும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தினால் நாடி இறங்கி மயக்கம் வரலாம், வயதானவர்களுக்கு அதைவிடப் பெரிய கேடும் வரலாம்.

தொட்டுப் பழக உகந்தவை உள்ளங்கை நடு, உள்ளங்கால் நடு, மணிக்கட்டு, கணுக்கால். உள்ளங்கை நடுவில் இருப்பது தலஹ்ருதயம், நடுவிரலுக்கு நேர்க்கோட்டில். இளஞ்சூடான நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கட்டைவிரலால் வட்டமாக ஒரு நிமிடம் தேய்த்துவிட்டு உட்கார்ந்தால் அந்த இடம் தானாகவே கவனத்தைக் கூப்பிடும். உள்ளங்காலில் தேய்த்தால் எண்ணெயைத் துடைத்துவிட்டு எழுந்திருங்கள், வழுக்கும்.

*

யோகா பழகும் ஒருவர்:

வரிசையாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு யோக யாக்ஞவல்கியம் எனும் பழைய யோக நூல் சொல்லும் 18 இடங்கள் நல்ல வழி. அந்த நூலில் இது பிரத்தியாகாரத்தின் (புலன்களை உள்ளே திருப்பும் பயிற்சியின்) பகுதியாக வருகிறது, ஓரிடத்திலிருந்து பிராணனை எடுத்து அடுத்த இடத்தில் நிறுத்துவது. வரிசை இது: கால் பெருவிரல், கணுக்கால், கெண்டைக்கால் நடு, கெண்டைக்காலின் மேல்முனை, முழங்கால், தொடை நடு, எருவாயின் (மலவாயின்) அடி, உடலின் நடு, குறியின் அடி, தொப்புள், இதயம், தொண்டைக்குழி, அண்ணத்தின் அடி, மூக்கின் அடி, கண் வட்டம், புருவ மத்தி, நெற்றி, உச்சி. உடலின் நடு என்பது தொப்புள் இல்லை. எருவாய்க்கு இரண்டு விரல் மேலே, குறிக்கு இரண்டு விரல் கீழே உள்ள இடம். இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

மல்லாந்து படுங்கள். தலைக்குக் கீழே மடித்த துணி, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய போர்வை, மேலே மெல்லிய போர்வை ஒன்று. அசையாமல் கிடந்தால் உடம்பு குளிரும், குளிர்ந்தால் தோள் இறுகும். ஓரிடத்துக்கு மூன்று மூச்சு. ஏறுவதற்கு மொத்தம் 54 மூச்சு. சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 15 மூச்சு என்றால் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். மூச்சு தணிந்து நிமிடத்துக்கு 6 ஆனால் ஒன்பது நிமிடம். மேலே ஏறியதும் அதே வழியில் இறங்கி, பெருவிரலில் கொண்டுவந்து முடியுங்கள். இறங்காமல் உச்சியிலேயே விட்டுவிட்டு எழுந்தால் தலை மிதப்பதாகச் சொல்பவர்கள் உண்டு.

மூச்சை எண்ணுவது மட்டும்தான் வேலை, இழுத்துப் பிடிப்பது இல்லை. கும்பகம், அதாவது மூச்சை அடக்கி நிறுத்துவது, வேறு பயிற்சி. அதைப் பக்கத்தில் ஒருவர் இருந்து கற்றுத்தர வேண்டும், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது.

*

இயன்முறை மருத்துவர்:

"விரல் நுனியில் உடனே தெரிகிறது, முதுகிலும் இடுப்படியிலும் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஒன்றும் தெரிவதில்லை, எனக்கு அங்கே அடைப்பா?" இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அடைப்பு எதுவும் இல்லை. விரல் நுனியில் இரண்டு முட்களை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலே இரண்டு என்று தெரியும். முதுகில் சுமார் 40 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால்தான் தெரியும். மூளையில் விரலுக்கும் உதட்டுக்கும் ஒதுக்கிய இடம் பெரிது, முதுகுக்குச் சிறிது. முதுகுத்தண்டின் அடியில் உள்ள மூலாதாரச் சக்கரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் உட்காரும் துணியின் அழுத்தம் படும் இடத்திலிருந்து தொடங்கலாம். அழுத்தம் நிஜமான உணர்வு. அதைப் பற்றிக்கொண்டு உள்ளே போகலாம்.

உள்ளங்கை சூடாவது நல்ல அறிகுறி. உடம்பு தளரும்போது கையின் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் அதிகம் ஓடுகிறது. ஆனால் சம்மணமிட்ட காலில் ஊசி குத்துவது சக்தி ஓட்டம் இல்லை. முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே, எலும்பை ஒட்டி ஒரு நரம்பு போகிறது. அது நசுங்கினால் பாதத்தின் மேல்புறம் மரத்துப்போகும். ஊசி குத்தினால் உடனே காலை நீட்டுங்கள். தாங்கிக்கொண்டு உட்காருவது சாதனை இல்லை, பாதத்தைத் தூக்க முடியாமல் போகும் அளவுக்கு அந்த நரம்பு பாதிக்கப்படலாம். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி அடியில் தடித்த மெத்தையை வைத்தால் பாதித் தொல்லை தீரும். நாற்காலியில் பாதம் தரையில் பதிய உட்காருவதும் இதற்குக் குறைந்ததல்ல.

*

யோகா சொல்லித் தருபவர்:

இயன்முறை டாக்டர் சொன்னது சரி. அதோடு ஆதாரங்கள், அதாவது சக்கரங்கள், பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு ஆதாரத் தியானத்தையும் மர்ம வரிசையையும் ஒரே அமர்வில் கலக்காதீர்கள். ஆதாரங்கள் நடுத்தண்டில் நிற்கின்றன. தாமரையாகக் கற்பனை செய்யும் அவற்றின் இதழ்கள் 4, 6, 10, 12, 16, 2, கூட்டினால் 50, அது சமஸ்கிருத எழுத்துகளின் எண்ணிக்கை. லம், வம், ரம், யம், ஹம், ஓம் என்று ஒவ்வொன்றுக்கும் பீஜ மந்திரம் (ஓரெழுத்து மந்திரம்) உண்டு. மர்மங்கள் தசை, எலும்பு, மூட்டு, தசைநார், குழாய் கூடும் இடங்கள், கை விரலிடுக்கு வரை பரவியிருக்கின்றன. முன்னதை நிலைநாட்டுவது மந்திரமும் உருவமும். பின்னதை நிலைநாட்டுவது தொடுவுணர்வு. கலந்தால் இரண்டுமே பிடிபடாது.

உச்சியையும் சேர்த்து ஏழு சக்கரத்துக்கு வானவில்லின் ஏழு நிறம் என்பதும் பழைய நூல்களில் இல்லை, அது இருபதாம் நூற்றாண்டில் வந்தது. 1577-ஆம் ஆண்டின் ஷட்சக்ர நிரூபணம் எனும் நூலில் மூலாதாரத்தின் இதழ்கள் சிவப்பு, உள்ளே நிலத்தின் சதுரம் மஞ்சள். தொப்புள் சக்கரமான மணிபூரகத்தின் இதழ்கள் மழைமேகக் கருமை. நிறம் வைத்துப் பழகுகிறவர்கள் எந்த மரபின் நிறம் என்று தெரிந்து வைத்துக்கொண்டு அதிலேயே நிற்க வேண்டும்.

*

ஆயுர்வேத மருத்துவர்:

இதயத்தில் கவனம் வைத்ததும் சிலருக்குப் படபடப்பு வருகிறது. பயந்த சுபாவமுள்ளவர்களுக்கும், முன்பு பதற்றத் தாக்குதல் வந்தவர்களுக்கும் இது அடிக்கடி நேரும். துடிப்பைக் கவனிக்கக் கவனிக்கப் பயம் ஏறும், பயம் ஏற ஏறத் துடிப்பு ஏறும். கண்ணைத் திறந்துவிடுங்கள். கவனத்தை உள்ளங்காலுக்கு இறக்குங்கள், பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். அடுத்த சில வாரங்களுக்குக் கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு மட்டும் போதும், மார்புப் பக்கமே போக வேண்டாம். மார்பில் வலி, இடது கைக்குப் பரவும் கனம், வியர்வை இவை வந்தால் தியானத்தில் விளக்கம் தேடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தொப்புளில் துடிப்பு தெரிந்தால் மெலிந்தவர்களுக்கு அது இயல்பு, முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் மகாதமனிதான் அது. வயதானவர்களுக்கு அகலமாக வீங்கித் துடிக்கும் கட்டி போலத் தட்டுப்பட்டால் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். தொண்டைக்குழியில் கவனம் வைத்தால் அடிக்கடி எச்சில் விழுங்கத் தோன்றும். விழுங்கிவிட்டுத் தொடருங்கள், அடக்கினால் இறுக்கம்தான் கூடும். கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்தே செய்யலாம்.

*

யோகா பழகும் ஒருவர்:

தூங்கிவிடுகிறவர்களுக்கு ஒரு வழி. யோக ஆசிரியர் சுவாமி ராமாவின் மரபில் 61 புள்ளி என்றொரு வரிசை உண்டு, அதில் முதல் 31-ஐ மட்டும் முதலில் பழகுவார்கள். புருவ மத்தி, தொண்டைக்குழி, வலது தோள், முழங்கை, மணிக்கட்டு, ஐந்து விரல் நுனிகள், திரும்பி மணிக்கட்டு, முழங்கை, தோள், தொண்டை. அதேபோல இடது கை. பிறகு மார்பு நடு, வலது மார்பு, மார்பு நடு, இடது மார்பு, மார்பு நடு. ஓரிடத்தில் ஒன்றிரண்டு மூச்சுக்கு மேல் நிற்பதில்லை என்பதால் மனம் மந்தமாகச் சமயம் கிடைக்காது. எண்ணிக்கை எங்கே அறுந்ததோ அந்த இடத்தைக் குறித்துவையுங்கள். நாளுக்கு நாள் அது தள்ளிப் போகும். தள்ளிப் போகாமல் தினமும் ஒரே இடத்தில் அறுந்தால் உங்களுக்கு வேண்டியது தூக்கம், இரவில் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுங்கள். 31 முழுசாக விழிப்போடு முடிந்த பிறகே 61-க்குப் போகலாம்.

எழும்போது விரல்களை அசைத்து, முழங்காலை மடக்கி, வலப்பக்கம் திரும்பிப் பத்து மூச்சு கிடந்துவிட்டு, கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். தலை கடைசியாக நிமிரட்டும்.