பல் இம்ப்ளாண்ட் போட்டா தாடை எலும்பு இறங்காதாம்!

நங்கநல்லூர் நாணா: நேத்து வேற இழையில வேளச்சேரி வாசு அருள்வாக்கு சொல்லியிருந்தார்: "இம்ப்ளாண்ட் போட்டா எலும்பு துளி கூட இறங்காது, ஆயுசுக்கும் அப்படியே நிக்கும்." சார், எனக்குக் கீழ்க் கடைவாய்ல, போன பல்லுக்குப் பதிலா எலும்புல முடுக்குற அந்த ஸ்க்ரூவைப் போட்டு 7 வருஷம் ஆச்சு. அப்ப எடுத்த எக்ஸ்ரேயையும் போன மாசம் எடுத்ததையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஸ்க்ரூவோட மேல் மரை ரெண்டு எலும்புக்கு வெளிய நிக்குது. கன்னத்தை இழுத்துக் கண்ணாடியில பாத்தா, ஈர் இறங்கி, ஸ்க்ரூ மேல மாட்டின பல் கேப்புக்குக் கீழ சாம்பல் கலர்ல ஒரு வளையம். முருங்கைக்காய் நார் நேரா அங்கதான் போய் உக்காருது. இதான் துளி கூட இறங்காததா?

வேளச்சேரி வாசு: ஒழுங்கா பல் தேய்க்கிறவங்களுக்குச் சொன்னேன். எங்க அப்பாவுக்குப் போட்டு 11 வருஷம். இன்னும் முறுக்கு கடிக்கிறார்.

நங்கநல்லூர் நாணா: முறுக்கு கடிக்கிறது எக்ஸ்ரே ஆகாது. 1986லயே இம்ப்ளாண்ட் ஆராய்ச்சி பண்ணின ஆல்பிரெக்ட்சன் குழு எழுதி வச்சாச்சு: முதல் வருஷம் போக, வருஷத்துக்கு 0.2 மில்லிக்குக் குறைவா இறங்கினா வெற்றி. இறங்காத ஒண்ணுக்கு எதுக்குய்யா அளவு?

கடைவாய்ப்பல்: நான் பிடிஎஸ், அதான் பல் டாக்டர் படிப்பு, கடைசி வருஷம். ரெண்டு பேரும் வேற வேற விஷயம் பேசுறீங்க. முதல் வருஷம் எலும்பு கொஞ்சம் இறங்கி நிலைக்கு வர்றது சகஜம். ஈறு மட்டும் வீங்கி ரத்தம் வந்தா மியூகோசைட்டிஸ், சுத்தம் பண்ணா பெரும்பாலும் சரியாகும். எலும்பும் கரைஞ்சுக்கிட்டே போனா பெரி-இம்ப்ளாண்டைட்டிஸ். சொந்தப் பல்லுல நார் வேருக்குள்ளயே பிடிச்சிருக்கும். டைட்டானியம் ஸ்க்ரூவைச் சுத்தி அந்தப் பிடிப்பு கிடையாது, அதனால அழற்சி வந்தா சீக்கிரம் உள்ள இறங்கும். நாணா சார், அந்த இடத்துல ரத்தம், சீழ் வருதா?

நங்கநல்லூர் நாணா: அது இருக்கட்டும்மா. 0.2க்கு வாசு பதில் சொல்லட்டும்.

வேளச்சேரி வாசு: சொல்றேன். உங்களுக்கு மொத்தம் எவ்வளவு இறங்கியிருக்கு?

நங்கநல்லூர் நாணா: 2 மில்லி.

வேளச்சேரி வாசு: முதல் வருஷத்துக்கு 1ன்னு வச்சுக்குவோம். மிச்ச 6 வருஷத்துக்கு 0.2 வீதம் 1.2. ஆக 2.2. உங்களுது 2. நீங்க கொண்டு வந்த கணக்குப்படியே நீங்க பாஸ், சார்! ஸ்வீட் எப்போ?

நங்கநல்லூர் நாணா: பாஸா ஃபெயிலாங்கிறது பேச்சே இல்ல. இறங்குமா, இறங்காதா? "துளி கூட"ன்னு எழுதினது யாரு? மழைக்கு முன்னாடி "எங்க தெருவுல தண்ணி ஏறவே ஏறாது"ன்னு எழுதினதும் இதே ஆள்தான். அப்புறம் மேம்பாலத்துல கார் நிறுத்த இடம் தேடினதும் இதே ஆள்தான்.

வேளச்சேரி வாசு: எங்க தெரு மெயின் ரோட்டை விட ஒரு அடி மேடு! கார் என் மச்சானோடது!!

தி.நகர் தமிழ்ப்பித்தன்: ஒரு சிறு திருத்தம். நாணா அவர்களே, 'ஈர்' தலையில் இருப்பது, பேன் முட்டை. வாயில் இருப்பது 'ஈறு'. 'மில்லி' டாஸ்மாக் அளவு. எலும்புக்கு மில்லிமீட்டர்.

நங்கநல்லூர் நாணா: வந்துட்டார் வாத்தியார். போன வருஷம் ஃபில்டர் காபி இழையைக் கெடுத்ததும் இவர்தான்.

தி.நகர் தமிழ்ப்பித்தன்: 'டிகாஷன்' என்பதற்கு வடிநீர் என்றேன். அது கெடுத்ததா?

கடைவாய்ப்பல்: ரத்தம் வருதா சார்? சர்க்கரை, சிகரெட் உண்டா?

நங்கநல்லூர் நாணா: சிகரெட்டை 2021லயே விட்டாச்சு.

வேளச்சேரி வாசு: அப்போ போட்டதுக்கு அப்புறமும் ஊதியிருக்கீங்க! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. பழி மட்டும் இம்ப்ளாண்ட் மேல.

நங்கநல்லூர் நாணா: தம்பி, ஊதினா இறங்கும்னு சொல்றீங்க. ஆக இறங்கும். அதைத்தான் காலைல இருந்து கத்திட்டிருக்கேன்.

வேளச்சேரி வாசு: எக்ஸ்ரே எடுத்த கோணம் மாறினாலே கூடக் குறையத்தான் காட்டும். உங்க 2 மில்லியே சந்தேகம்.

நங்கநல்லூர் நாணா: அப்பாவோட முறுக்கு மட்டும் சந்தேகமில்லையா? நாளைக்கு ரெண்டு எக்ஸ்ரேயும் இங்க போடுறேன். ஸ்கேல் வச்சு அளந்துக்கோங்க. 0.2!

தி.நகர் தமிழ்ப்பித்தன்: அளவுகோல்.

கடைவாய்ப்பல்: சார், ரத்தம்?