சம்பளத்தில் வரி பிடிக்கும் முறையை மாற்றும் முன் யாரைக் கேட்க வேண்டும்?

அம்பத்தூர்_கணக்கு:

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் 18 வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். 64 பேருக்குச் சம்பளம் போடுவது, பி.எஃப்., இ.எஸ்.ஐ., டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடித்துக் கட்டும் வருமான வரி) எல்லாம் என் பொறுப்பு. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன்.

2024 ஜூலை 23 அன்று பட்ஜெட் வந்தது. புதிய வரி முறையில் நிலையான கழிவு (சம்பளக்காரர்களுக்கு ரசீது இல்லாமலே கழியும் தொகை) 50,000 ரூபாயிலிருந்து 75,000 ஆனது, ஸ்லாபும் மாறியது. நல்ல செய்திதான். ஆனால் மாற்றம் ஏப்ரல் 1-இலிருந்தே கணக்கு. அதற்குள் மூன்று மாதத்துக்குப் பழைய கணக்கில் வரி பிடித்துக் கட்டிவிட்டேன். ஜூலை 31 சம்பள நாள். டிவியில் செய்தி பார்த்தவர்கள் எல்லாரும் "அக்கா, இந்த மாசம் பிடித்தம் குறையும்ல?" என்று வந்து நின்றார்கள். நிதிச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்ததோ ஆகஸ்ட் 16-இல். ஜூலையில் எந்தக் கணக்கில் பிடிப்பது? எங்கள் மென்பொருளுக்கு அப்டேட் வந்தது சம்பளம் போட்ட பிறகுதான்.

வரி வரும் 11 பேருக்கும் எக்செல்லில் கையால் போட்டேன். அவசரத்தில், பழைய முறையைத் தேர்ந்தெடுத்திருந்த ஒருவரைப் புதிய முறையில் சேர்த்துவிட்டேன். வீட்டுக் கடன் வட்டி, வாடகைப் படி எதுவும் கழியாமல் அவருக்குப் பிடித்தம் கூடிவிட்டது. அந்த மாதம் அவருடைய கடன் தவணை வங்கியில் திரும்பி வந்தது. தப்பு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் எட்டு நாளில் இதைச் செய்யச் சொன்ன ஏற்பாட்டிலும் தப்பு இருக்கிறது.

என் கருத்து இதுதான்: சம்பள வரியில் கணக்கோ படிவமோ மாறும் முன், சம்பளம் போடும் நிறுவனங்களையும் பேரோல் (சம்பளக் கணக்கு) மென்பொருள் எழுதுபவர்களையும் அரசு கேட்க வேண்டும். மாதிரிக் கணக்குகள் தர வேண்டும். சோதித்துப் பார்க்க அவகாசம் வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நுங்கம்பாக்கம்_ஆடிட்டர்:

மேடம், உங்கள் கஷ்டம் புரிகிறது, என் கிளையன்ட்கள் பாதிப் பேர் அந்த வாரம் என் ஆபீஸில்தான் இருந்தார்கள். இருந்தாலும் நான் உடன்படவில்லை.

வரி விகிதம் நாடாளுமன்றத்தின் முடிவு. பட்ஜெட்டுக்கு முன் அதைத் தனியார் நிறுவனங்களிடம் காட்டிக் கருத்துக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. இரண்டாவது, பழைய வருமான வரிச் சட்டத்தின் 192-ஆம் பிரிவிலேயே இதற்கு வழி இருந்தது. ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு, சராசரி விகிதத்தில் மாதாமாதம் பிடிக்கிறோம். ஒரு மாதம் கூடியதையும் குறைந்ததையும் அதே நிதியாண்டுக்குள் அடுத்தடுத்த மாதங்களில் சரிசெய்துகொள்ள 192(3) அனுமதி தந்தது. ஜூலையில் பழைய கணக்கில் பிடித்துவிட்டு ஆகஸ்டில் குறைத்திருந்தாலே போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடந்தால் அங்கே உட்காரப் போவது யார்? பெரிய நிறுவனங்களும் பெரிய மென்பொருள் கம்பெனிகளும். அம்பத்தூரிலிருந்து உங்களை யார் கூப்பிடுவார்கள்?

ஓஎம்ஆர்_கோடர்:

நான் பேரோல் மென்பொருளில் வரிக் கணக்கு எழுதுகிறவன், ஒன்பது வருஷமாக. ஆடிட்டர் சார் விகிதத்தைப் பற்றிச் சொன்னது சரி. விகிதம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஸ்லாப் மாறினால் ஓர் அட்டவணையை மாற்றுகிறோம், ஒரு மணி நேர வேலை. தலைவலி ஓரங்களில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணம். 2025-26-க்குப் புதிய முறையில், நிலையான கழிவு போக 12 லட்சம் வரை 87ஏ பிரிவின் ரிபேட்டால் (வரித் தள்ளுபடி) வரி இல்லை. ஒரு தொழிலாளிக்கு அந்தக் கழிவு போகச் சரியாக 12 லட்சம் வருகிறது, வரி பூஜ்யம். மார்ச்சில் 10,000 ரூபாய் போனஸ் தருகிறார்கள். ஸ்லாப்படி வரி 61,500. வரம்பைக் கொஞ்சம் தாண்டியவர்களுக்கான மார்ஜினல் ரிலீஃப் என்ற சலுகை அதை 12 லட்சத்துக்கு மேல் உள்ள 10,000-க்கு இறக்குகிறது. அதன் மேல் 4 சதவீத செஸ் (வரி மேல் வரி) 400. ஆக, 10,000 போனஸுக்கு 10,400 வரி! சட்டப்படி கணக்கு சரி. ஆனால் அந்தச் சம்பளச் சீட்டைப் பார்க்கிறவர் முதலில் திட்டுவது கணக்கு அக்காவை, அடுத்து எங்களை.

முன்கூட்டியே பத்து மாதிரிக் கணக்குகளை வெளியிட்டு "இதை உங்கள் மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள்" என்று துறை சொல்லியிருந்தால், இந்த இடம் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். மாற்றுவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. ஆனால் தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

அப்புறம் 12பிஏஏ படிவம். தொழிலாளி வேறு இடங்களில் கட்டிய டிடிஎஸ், டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலிக்கும் வரி) தொகையை நிறுவனத்திடம் சொல்லிச் சம்பளப் பிடித்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது 2024 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 10 லட்சத்துக்கு மேல் கார் வாங்கியவருக்கு 1 சதவீத டிசிஎஸ் பிடித்திருப்பார்கள் இல்லையா, அது மாதிரி. உண்மையிலேயே நல்ல மாற்றம். ஆனால் படிவம் அறிவிக்கப்பட்டது அக்டோபர் 15-இல். சட்டம் முதல் தேதியே வந்துவிட்டது, அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்பது பதினைந்தாம் தேதிதான் தெரிந்தது. எங்கள் திரையில் அதற்கான இடத்தைத் திறப்பதற்குள் பல கம்பெனிகளில் அந்த மாதச் சம்பள ஓட்டம் மூடிவிட்டது.

நுங்கம்பாக்கம்_ஆடிட்டர்:

தம்பி, 10,400 கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரிதான். ஆனால் அது சட்டம் எழுதியதில் உள்ள விஷயம். மென்பொருள்காரரைக் கேட்டால் மாறியிருக்கும் என்பது உங்கள் ஊகம்.

இன்னொன்று, கேட்கவே இல்லை என்று சொல்வதும் நியாயமில்லை. புதிய வருமான வரி மசோதா 2025 பிப்ரவரி 13-இல் மக்களவையில் வந்தது, தெரிவுக் குழுவுக்குப் போனது, ஜூலை 21-இல் குழு அறிக்கை தந்தது. நடுவில் மார்ச்சில், விதிகள், படிவங்கள் பற்றிக் கருத்துச் சொல்ல இ-ஃபைலிங் தளத்தில் ஒரு பக்கமே திறந்தார்கள். 819 பிரிவுகள் 536 ஆனது சும்மா நடக்கவில்லை. இங்கே இருப்பவர்களில் யார் அதில் எழுதினீர்கள்?

அம்பத்தூர்_கணக்கு:

நான் எழுதவில்லை சார். அப்படி ஒரு பக்கம் இருந்ததே இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

மார்ச் என்கிறீர்கள். மார்ச்சில் என் மேஜை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாருடைய முதலீட்டு ப்ரூஃபும் அப்போதுதான் வரும். எல்.ஐ.சி. ரசீது, பள்ளிக் கட்டண ரசீது, வீட்டு உரிமையாளர் பான் எண் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சி வாங்க வேண்டும். மார்ச் மாத டிடிஎஸ்ஸை ஏப்ரல் 30-க்குள் கட்ட வேண்டும், நான்காம் காலாண்டு 24க்யூ (சம்பளத்தில் பிடித்த வரியின் காலாண்டுக் கணக்குப் படிவம்) மே 31, ஃபார்ம் 16 (தொழிலாளிக்குத் தரும் வரிச் சான்று) ஜூன் 15. கருத்துக் கேட்பவர்கள் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்கும் மாதத்தில் கேட்கட்டும். தமிழிலும் கேட்கட்டும். சட்டத்தின் ஆங்கிலம் எனக்குப் புரியும், பழகிவிட்டது. பக்கத்துப் பட்டறையில் கணக்கு எழுதும் பெண்ணுக்கு அது புரியாது. அவளும்தான் 20 பேருக்குச் சம்பளம் போடுகிறாள்.

திநகர்_ஹெச்ஆர்:

நான் வேறு பக்கத்திலிருந்து எதிர்க்கிறேன். மென்பொருள்காரர்களை அரசு கூட்டத்தில் உட்கார வைப்பது எனக்குப் பயம்.

எங்கள் ஜவுளிக் கடையில் 140 பேர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மென்பொருள் தருபவர் "புது வெர்ஷன் வாங்குங்கள், ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு) தொகை கூடியிருக்கிறது" என்று வருகிறார். மாற்றம் சிக்கலாக இருந்தால் அவருக்குத்தான் வியாபாரம். அவரிடமே போய் எளிமையாக்க யோசனை கேட்பதா?

தொழில் வரியைப் பாருங்கள். சென்னை மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிறோம், ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஸ்லாபும் அரையாண்டு வருமானத்தின் மேல்தான். கர்நாடகாவில் மாதாமாதம் பிடிப்பார்கள். எங்களுக்கு வந்த மென்பொருள் அந்த ஊரை மனதில் வைத்து எழுதியது. மாதப் பிடித்தம்தான் அதற்குத் தெரியும். நடுவில் வேலையை விட்டவர், செப்டம்பரில் சேர்ந்தவர் எல்லாருக்கும் தப்பாகவே வந்தது. நான்கு அரையாண்டு சொல்லிப் பார்த்தோம், "உங்கள் ஊருக்கு மட்டும் மாற்ற முடியாது" என்றார்கள். இவர்கள் குரல்தான் துறைக்குக் கேட்கும் என்றால், அவர்களுக்கு எது சௌகரியமோ அதுதான் விதியாகும்.

ஓஎம்ஆர்_கோடர்:

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தொழில் வரி விஷயத்தில் நீங்கள் சொல்வது எங்கள் துறையில் பல இடங்களில் நடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்கிறேன். எங்களை மட்டும் கேட்டால் உங்கள் 140 பேரின் கதை வராது. உங்களை மட்டும் கேட்டால் 24க்யூ கோப்பில் ஒரு கட்டம் சேர்ப்பதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது வராது.

பிரிட்டனில் ஒவ்வொரு சம்பள நாளிலும் வரி விவரத்தை அரசுக்கு அனுப்பும் முறையை 2013 ஏப்ரலில் கொண்டுவந்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பே, 2012 ஏப்ரலில், சில நிறுவனங்களை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் இதே போன்ற முறையை 2018 ஜூலையில் 20 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்குத் தொடங்கி, சிறியவர்களுக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் முதலில் இடித்துப் பார்க்கட்டும் என்ற அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

நுங்கம்பாக்கம்_ஆடிட்டர்:

அதே பிரிட்டனில் சோதனை நடத்தியும் சின்ன நிறுவனங்கள் தடுமாறின. 50 பேருக்குக் குறைவானவர்களுக்கு முதலில் 2013 அக்டோபர் வரை, பிறகு 2014 ஏப்ரல் வரை தளர்வு தர வேண்டி வந்தது. கம்பெனி கார், மருத்துவக் காப்பீடு போன்ற சலுகைகளின் வரியைச் சம்பளத்தோடு சேர்த்துப் பிடிப்பதை 2026 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்குவதாகச் சொன்னார்கள். 2025-இல் அதை 2027-க்குத் தள்ளினார்கள். முதல் தேதியை நம்பிப் பணம் செலவழித்துத் தயாரானவர் கதி என்ன? கேட்டுக்கொண்டே இருந்தால் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும். எனக்கு நிச்சயமான தேதி வேண்டும்.

அம்பத்தூர்_கணக்கு:

சார், ஒரு வருஷம் தள்ளிப்போனால் தயாரானவருக்குக் கொஞ்சம் பணம் வீண். தள்ளாமல் போனால் 24க்யூ தாமதத்துக்குப் பழைய சட்டத்தின் 234இ பிரிவில் நாளுக்கு 200 ரூபாய் எங்கள் தலையில். கோப்பைச் சரிபார்க்கும் எஃப்வியு புது வெர்ஷன் வந்து, எங்கள் மென்பொருள் தரும் கோப்பு அதில் தேறாமல் மூன்று நாள் போனாலும் அந்த 200 ஓடிக்கொண்டுதான் இருக்கும். வரியைப் பிடிப்பதும் கட்டுவதும் அரசுக்காக நாங்கள் செய்யும் வேலை. அதற்கு ஒரு ரூபாய் கூலி கிடையாது. கூலி கேட்கவில்லை. வேலை எப்படி மாறப்போகிறது என்று முன்னால் சொல்லச் சொல்கிறேன்.

நுங்கம்பாக்கம்_ஆடிட்டர்:

234இ தொகை மொத்த டிடிஎஸ் தொகையைத் தாண்டாது, அது ஒன்று. ஆனால் இந்த இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். கோப்பு வடிவமோ படிவமோ மாறினால், முதல் காலாண்டுக்கு மட்டும் அந்தக் கட்டணம் இல்லை என்று துறை அறிவிக்கலாம். அதைக் கேட்டு நானே எழுதத் தயார். வரி விகிதத்துக்கோ ரிபேட்டுக்கோ முன்கூட்டிக் கருத்துக் கேட்பதை மட்டும் கடைசி வரை ஏற்க மாட்டேன்.

திநகர்_ஹெச்ஆர்:

அப்படியென்றால் அந்தக் கடிதத்தில் தொழில் வரியையும் சேருங்கள் சார். மாநகராட்சிக்குத் தனியாக ஒன்று.

ஓஎம்ஆர்_கோடர்:

2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம். 192 இனி 392, 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற பெயர்கள் போய் 'வரி ஆண்டு'. சம்பளச் சீட்டில் பெயர்கள் மாறுவது சின்ன வேலைதான். பழைய ஆண்டுக்கான திருத்த 24க்யூவையும் புதிய ஆண்டுக் கணக்கையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்ட வேண்டியிருப்பதுதான் பெரிது. அக்கா, பெயர்களை நீக்கிவிட்டு உங்களிடம் சிக்கிய கணக்குகளை எனக்கு அனுப்புங்கள். முறை மாறிப்போனவர், நடுவில் விட்டுப்போனவர், மார்ச் போனஸ், எல்லாமே. என் பக்கத்திலிருந்து கோப்பு எங்கே தேறவில்லை என்பதைச் சேர்க்கிறேன்.

அம்பத்தூர்_கணக்கு:

ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன் தம்பி. தவணை திரும்பிப்போனவரின் கணக்கு முதல் வரிசையில் இருக்கும். அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.